மெர்ச், மெர்ச்2, மெர்ச்3

நான் நடத்திய மெயில் சர்வரில் ஒரு பனியன் கம்பெனிக்கு வந்த மெயில்கள் இன்னொரு பனியன் கம்பெனியின் கணினியில் போய் இறங்கின. இரண்டும் திருப்பூர்க் கம்பெனிகள். ஒரே தொழில், சில சமயம் ஒரே பையருக்கு, அதாவது சரக்கு வாங்குபவருக்கு, விலை கொடுத்துக்கொண்டிருந்தவர்கள். யாரும் திருடவில்லை, வெளியிலிருந்து யாரும் உள்ளே புகவும் இல்லை. லாகின் பெயர்களை நான் வைத்த முறையால்தான் அது நடந்தது. நடந்ததை இரண்டு தரப்பிடமும் மறைத்தேன். அதோடு நிற்காமல், எந்தத் தவறும் செய்யாத ஒரு பெண்ணைத் தான்தான் தவறு செய்துவிட்டதாக நம்பவும் விட்டேன். ஒளிக்காமல் இங்கே எழுதுகிறேன்.

2000-களின் தொடக்கத்தில் கோவையில் வெப்சைட் செய்து கொடுத்துக்கொண்டிருந்தேன். பனியன் கம்பெனி, ஸ்பின்னிங் மில், பம்ப்செட் தயாரிப்பவர்கள் என்று வாடிக்கையாளர்கள். விசிட்டிங் கார்டில் யாஹூ முகவரி போட எல்லோரும் கூச்சப்பட ஆரம்பித்த காலம் அது. கம்பெனி பெயரில் டொமைன் வாங்கி, அதில் மெயில் ஐடி வேண்டும் என்றார்கள். ஒரு லினக்ஸ் சர்வரை வாடகைக்கு எடுத்து, சென்ட்மெயில் என்ற மெயில் மென்பொருளைப் போட்டு, மெயிலையும் நானே பார்த்துக்கொண்டேன்.

முதல் கம்பெனிக்கு மூன்று ஐடிகள் கேட்டார்கள்: இன்ஃபோ, அக்கவுன்ட்ஸ், மெர்ச். மெர்ச் என்றால் மெர்ச்சண்டைசர். பையரிடமிருந்து ஆர்டர் வாங்கி, சாம்பிள் அனுப்பி, ஷிப்மென்ட் போகும்வரை பேசுகிறவர். எக்ஸ்போர்ட் கம்பெனியில் பணம் நகர்வதும் நிற்பதும் அந்த ஒரு இன்பாக்ஸைப் பொறுத்தது. சர்வரில் அதே பெயர்களில் மூன்று லினக்ஸ் கணக்குகள் தொடங்கினேன். மெயில் ஐடியில் @-க்கு முன்னால் இருப்பதுதான் லாகின். ஒரே ஒரு டொமைன் இருக்கும்வரை இதில் ஒரு குறையும் இல்லை.

இரண்டாவது கம்பெனி வந்தது. அவர்களும் இன்ஃபோ, அக்கவுன்ட்ஸ், மெர்ச் கேட்டார்கள். வேறென்ன கேட்பார்கள்? இன்ஃபோ, சேல்ஸ், சப்போர்ட் போன்ற பெயர்களை எல்லா நிறுவனங்களும் பொதுவாக வைத்துக்கொள்ளலாம் என்று 1997-இல் வந்த ஆர்எஃப்சி 2142 என்ற இணைய நெறி ஆவணம் எழுத்திலேயே சொல்லியிருக்கிறது. போதாக்குறைக்கு என் வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் ஒரே தொழில். டொமைன் வேறு என்பதால் மெயில் முகவரி மோதாது. ஆனால் லினக்ஸில் ஒரு பெயருக்கு ஒரு கணக்குதான். சென்ட்மெயிலில் வர்ச்சுயூசர்டேபிள் என்று ஒரு அட்டவணை உண்டு. இந்த முகவரிக்கு வருவதை இந்தக் கணக்கில் போடு என்று அதில் எழுதலாம். இரண்டாவது கம்பெனியின் மெர்ச் முகவரிக்கு எதிரே 'மெர்ச்2' என்று எழுதினேன். மூன்றாவது கம்பெனிக்கு மெர்ச்3. அப்படியே போயிற்று.

வேறு வழி தெரியாமல் இதைச் செய்யவில்லை. டேனியல் பெர்ன்ஸ்டைனின் க்யூமெயிலோடு விபாப்மெயில் சேர்த்தால் முழு மெயில் முகவரியையே லாகினாக வைக்கலாம் என்று எனக்குத் தெரியும். இன்னொரு மெயில் சர்வர் மென்பொருளான போஸ்ட்ஃபிக்ஸ் வந்திருந்தது. 2002-இல் டவ்காட் வந்தது. அவற்றின் ஆவணங்களைப் படித்திருந்தேன், ஒரு பழைய கணினியில் போட்டுப் பார்த்துமிருந்தேன். சர்வரை மட்டும் மாற்றவில்லை.

மாற்றாததற்கு என்னிடம் காரணங்கள் இருந்தன. ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் உண்மையாகத் தெரியும் என்பதால் அவற்றைச் சொல்லியே ஆக வேண்டும். நெட்ஸ்கேப்பின் நான்காம் பதிப்பு மெயிலில் யூசர் நேம் கட்டத்துக்குள் @ போட்டால் ஒழுங்காகப் போகாது. அதற்காகவே ஹோஸ்டிங் நடத்துகிறவர்கள் @-க்குப் பதில் % அல்லது + போடச் சொன்னார்கள். இது உண்மை. ஆனால் என் வாடிக்கையாளர்கள் எல்லோரும் வைத்திருந்தது அவுட்லுக் எக்ஸ்பிரஸ். 2008 மார்ச் 1-ஆம் தேதி நெட்ஸ்கேப்புக்கான ஆதரவே முடிந்துபோனது. அதன் பிறகும் இந்தக் காரணத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். மெயிலை இறக்கும் முறையான பாப்3-க்கான ஆர்எஃப்சி 1939 கட்டளைக்குப் பின்னால் வரும் ஒவ்வொரு சொல்லும் 40 எழுத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறது, எங்கள் ஊர்க் கம்பெனிகளின் நீண்ட டொமைனோடு முழு முகவரியும் போட்டால் அதைத் தாண்டிவிடும் என்பது இன்னொன்று. தாண்டிய முகவரிகள் மிகக் குறைவு. மெயில் ஐடியே லாகின் என்றால் விசிட்டிங் கார்டைப் பார்த்தவனுக்கெல்லாம் பாதிச் சாவி கிடைத்துவிடும் என்பது மூன்றாவது. லாகின் பெயர் ரகசியமாக இருக்க வேண்டியதே இல்லை, காக்க வேண்டியது பாஸ்வேர்டைத்தான். அந்தப் பாஸ்வேர்டு விஷயத்தில் நான் என்ன செய்தேன் என்பது பின்னால் வருகிறது.

பெயரை மாற்றினால் எல்லோருக்கும் புதுப் பாஸ்வேர்டும் கொடுக்க வேண்டியிருக்கும், அது பெரிய தொந்தரவு என்றும் சொல்லிக்கொண்டேன். அது சுத்தப் பொய். லினக்ஸில் சேமிக்கப்படும் பாஸ்வேர்டு ஹேஷில் பெயர் கலப்பதில்லை. டைஜஸ்ட்-எம்டி5 போன்ற முறையில்தான் பெயரும் டொமைனும் சேர்ந்து ஹேஷ் ஆகும். அதை நான் வைத்திருக்கவே இல்லை. பழைய ஹேஷை அப்படியே எடுத்துப் புதுப் பெயருக்கு எதிரே எழுதியிருக்கலாம்.

உண்மைக் காரணம் வேறு. மாற்றுவதென்றால் ஒவ்வொரு வாடிக்கையாளரையும் கூப்பிட்டு, "நான் போட்டுக் கொடுத்த முறை சரியில்லைங்க, மாத்தணும்" என்று சொல்ல வேண்டும். சர்வர் விஷயத்தில் என்னைத் தவறாதவனாக அவர்கள் நினைத்தார்கள். அந்த எண்ணத்தை இழக்க நான் தயாராக இல்லை.

மெர்ச்2-இல் இருக்கிற 2 எதைக் குறிக்கிறது? அவர்கள் என்னிடம் வந்த வரிசையை. அது என் கணக்குப் புத்தகத்தின் எண். அதை அவர்கள் ஏன் மனப்பாடம் செய்ய வேண்டும்? ஒரு மனிதருக்கு மெயில் விஷயத்தில் ஏற்கெனவே தெரிந்தது தன் மெயில் ஐடி ஒன்றுதான். அதை ஃபோனில் நூறு பேரிடம் 'அட் த ரேட்' போட்டுச் சொல்லிச் சொல்லிப் பழகியிருப்பார். லாகினும் அதுவே என்றால் நினைவில் வைக்கப் புதிதாக ஒன்றுமில்லை. நானோ ஒவ்வொருவருக்கும் இரண்டாவதாக ஒரு பெயரைச் சுமத்தி, அதை மறக்கும்போதெல்லாம் எனக்கு ஃபோன் செய்ய வைத்தேன். "மெர்ச்னு அடிச்சு பக்கத்துல ரெண்டுங்க. இல்லீங்க, இங்கிலீஷ்ல எழுத்தா இல்ல, நம்பர் ரெண்டு. நடுவுல இடம் விடக்கூடாது." இதே பேச்சை எத்தனை பேரிடம் பேசியிருக்கிறேன். பேசும்போதெல்லாம் எனக்கு அவர்கள் மீதுதான் சலிப்பு வந்தது.

இது தொந்தரவோடு நின்றிருந்தால் இப்படி எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

அவுட்லுக் எக்ஸ்பிரஸில் புதுக் கணக்குப் போடும்போது முதலில் பெயர் கேட்கும், பிறகு மெயில் முகவரி, பிறகு சர்வர் விவரம். அடுத்து வரும் பக்கத்தில் அக்கவுன்ட் நேம் என்ற கட்டம் காலியாக இருக்காது. முகவரியில் @-க்கு முன்னால் இருப்பதை அதுவே எடுத்து அங்கே போட்டு வைத்திருக்கும். மெர்ச் முகவரி கொடுத்தால் கட்டத்தில் மெர்ச். நெக்ஸ்ட் அழுத்தினால் முடிந்தது. இது எனக்குத் தெரியும் என்பதால் ஒரு தாள் அச்சடித்துக் கொடுத்திருந்தேன்: அந்தக் கட்டத்தில் உள்ளதை அழித்துவிட்டு மெர்ச்2 என்று அடிக்கவும்.

பாஸ்வேர்டு? எல்லாக் கம்பெனிக்கும் முதல் பாஸ்வேர்டை ஒரே மாதிரி வைத்திருந்தேன். ஐடியின் பெயர், அதோடு ஒரு எண். மெர்ச் ஐடிகள் அனைத்துக்கும் ஒரே பாஸ்வேர்டு. முதல் வேலையாக மாற்றிக்கொள்ளுங்கள் என்று தாளின் கடைசியில் எழுதியிருந்தேன். மாற்றுவதற்கு அவர்களாகச் செய்யக்கூடிய வசதி எதையும் கொடுக்கவில்லை, எனக்கு ஃபோன் செய்துதான் மாற்ற வேண்டும். ஏறக்குறைய யாருமே மாற்றவில்லை.

2006-இல் இரண்டாவது கம்பெனியில் மெர்ச்சண்டைசருக்குப் புதுக் கணினி வந்தது. சிஸ்டம் சர்வீஸ் செய்கிற பையன் வந்து மெயிலைப் போட்டுக் கொடுத்திருக்கிறார். என் தாள் எங்கோ போயிருந்தது. கட்டத்தில் மெர்ச் என்று வந்தது, நெக்ஸ்ட் அழுத்தினார். பாஸ்வேர்டை அந்தப் பெண்ணிடம் கேட்டு அடித்தார். சர்வர் ஏற்றுக்கொண்டது. ஏற்றுக்கொண்டது முதல் கம்பெனியின் கணக்கை.

மறுநாள் காலை அந்தப் பெண் கூப்பிட்டார். "சார், புது சிஸ்டத்துல மெயில் இறங்குதுங்க. ஆனா எங்க பையர் மெயில் ஒண்ணையுங் காணோம். தெரியாத ஸ்டைல் நம்பரா வருதுங்க, யாரோட காஸ்டிங் ஷீட்டோ வருது."

கேட்ட நொடியே எனக்குப் புரிந்துவிட்டது. "வைரஸா இருக்கும்மா. எதையும் தொறக்காதீங்க. நான் நேர்ல வர்றேன்" என்றேன். முதல் பொய்.

கோவையிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் பஸ். வழியெல்லாம் ஒரே யோசனை. அவுட்லுக் எக்ஸ்பிரஸ் பாப்3-இல் மெயிலை இறக்கியதும் சர்வரிலிருந்து அழித்துவிடும்; சர்வரில் ஒரு நகல் இருக்கட்டும் என்று நாமே டிக் போட்டால்தான் விட்டுவைக்கும். ஆக முதல் கம்பெனிக்கு அந்த மெயில்கள் வந்த சுவடே இருக்காது. போய்ப் பார்த்தபோது அப்படித்தான் இருந்தது. அந்த இன்பாக்ஸ் இன்னும் கண்ணில் நிற்கிறது. திறக்காத மெயில் தடித்த எழுத்தில் இருக்கும், திறந்தது மெலிந்துவிடும். பட்டியலின் மேலே நாலைந்து வரிகள் மெலிந்திருந்தன. அதில் ஒன்று முதல் கம்பெனியின் விலைப் பட்டியலுக்கு பையர் எழுதியிருந்த பதில். நூல், நிட்டிங், டையிங், தையல் கூலி என்று பிரித்துப் போட்ட ஷீட் அதன் கீழேயே இருந்தது. கடைசி வரியில் ஒரு பீஸுக்கு எத்தனை டாலர் என்ற விலை. போட்டிக் கம்பெனியின் மேஜை மேல் அது திறந்து கிடந்தது.

அந்தப் பெண் வேறு எண்ணத்தில் திறக்கவில்லை, என்னவென்று பார்க்கத் திறந்திருக்கிறார். மெயில்களை ஒவ்வொன்றாக ஃபைலாக இழுத்துப் பென் டிரைவில் போட்டுக்கொண்டேன். அங்கே அழித்தேன். லாகினை மெர்ச்2 ஆக்கினேன். திரும்பி வந்து முதல் கம்பெனியின் கணக்கில் அந்த மெயில்களைச் சேர்த்தேன். நேற்றைய மெயில்கள் இன்று வருகின்றனவே என்று அவர்கள் கேட்டபோது, "சர்வர் கொஞ்சம் ஸ்லோவா இருந்துச்சுங்க" என்றேன். அவர்களின் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு, பாதுகாப்புக்காக வழக்கமாகச் செய்வது என்றேன்.

நான் கிளம்பும்போது அந்தப் பெண் கேட்டார்: "நான் ஏதாச்சும் தப்பா அமுக்கிட்டனுங்களா சார்?"

"பரவால்லம்மா. இனிமே பாத்துப் பண்ணுங்க" என்றேன்.

மற்றவற்றை விட இதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அவர் எதையும் தப்பாக அழுத்தவில்லை. கட்டத்தில் என்ன வந்ததோ அதை ஏற்றுக்கொண்டார்கள், எவரும் அதைத்தான் செய்வார்கள். அந்த வார்த்தையை அவரிடம் சொல்லும்போது பக்கத்து மேஜைகளில் ஆட்கள் இருந்தார்கள். அவருடைய முதலாளியும் கண்ணாடி அறைக்குள் இருந்தார்.

முழு முகவரியை லாகினாக வைத்திருந்தால் அன்று என்ன நடந்திருக்கும் என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். கட்டத்தில் மெர்ச் என்று மட்டும் வந்திருக்கும். சர்வர் அப்படி ஒரு ஆள் இல்லை என்று மறுத்திருக்கும். அவர் எனக்கு ஃபோன் செய்திருப்பார், டொமைனையும் சேர்த்து அடிக்கச் சொல்லியிருப்பேன். யாருடைய மெயிலும் எங்கும் போயிருக்காது. தெருப் பெயரை அழித்துவிட்டு வீட்டு எண்ணை மட்டும் எழுதிய தபாலை, ஊரில் முதலில் குடிவந்தவர் வீட்டில் போடச் சொன்னதைப் போன்றது என் ஏற்பாடு. லாகின் பெயர்முறை எதுவானாலும் பயன்படுத்துகிறவர்கள் சில சமயம் பிசகுவார்கள். அந்தப் பிசகு மறுப்பில் போய் நிற்கிறதா, இன்னொருவரின் இன்பாக்ஸில் போய் நிற்கிறதா என்பதைத்தான் நான் முதலில் பார்த்திருக்க வேண்டும். சுருக்கமாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன்.

இன்னொன்றும் பிறகுதான் உறைத்தது. எண் இல்லாத வெறும் பெயர்கள் எல்லாம் முதல் கம்பெனியுடையவை. மற்ற எந்த வாடிக்கையாளர் எண்ணை மறந்தாலும் அந்தப் பிசகு முதல் கம்பெனியின் கணக்கில்தான் வந்து முட்டும். என்னை முதலில் நம்பி வந்தவரின் தலையிலேயே எல்லா ஆபத்தையும் கொண்டுபோய் வைத்திருந்தேன்.

அப்போதாவது திருத்தினேனா என்றால் இல்லை. ஒட்டுப் போட்டேன். புதிதாக வருகிறவர்களுக்குக் கம்பெனியின் சுருக்கப் பெயரும் அடிக்கோடும் முன்னால் வைத்தேன். சிலருக்கு அடிக்கோடு கீபோர்டில் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை என்பதால் புள்ளி வைத்தேன். அதிலும் சிக்கல் வந்தது. நம் ஆட்களின் பெயரிலேயே புள்ளி உண்டு. இனிஷியலை முன்னால் போட்டு எஸ் புள்ளி ராஜா என்று ஒருவர் கேட்பார், பின்னால் போட்டு ராஜா புள்ளி எஸ் என்று இன்னொருவர். குடும்பப் பெயர் இல்லாத ஊரில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்ற வெளிநாட்டு வாய்பாடு பொருந்தாது. அதோடு கம்பெனிப் பெயரையும் புள்ளியால் ஒட்டினால், கம்பெனி எங்கே முடிகிறது, ஆளின் பெயர் எங்கே தொடங்குகிறது என்று பார்த்ததும் பிரித்தறிய முடியாது. + போடலாம் என்றால், ஒரே இன்பாக்ஸுக்குள் மெயிலை வகைபிரிக்க போஸ்ட்ஃபிக்ஸ் போன்றவற்றில் அதை ஏற்கெனவே பயன்படுத்துகிறார்கள். % பழைய காலத்தில் மெயிலைச் சுற்றிவிடப் பயன்பட்ட குறி. டொமைன் பெயரில் ஒருபோதும் வராததும், நடைமுறையில் ஆளின் பெயர்ப் பகுதியிலும் வராததுமான குறியாக @ ஏற்கெனவே இருந்தது. 1971-இல் ரே டாம்லின்சன் அதைத் தேர்ந்தெடுத்ததே ஆளையும் இடத்தையும் பிரித்துக் காட்டத்தான். கண்ணெதிரே இருந்ததை விட்டுவிட்டு நான் ஒவ்வொரு குறியாகத் தேடிக்கொண்டிருந்தேன்.

ஸ்மார்ட்ஃபோன் வந்த பிறகு நிலைமை முற்றியது. ஃபோனில் மெயில் ஆப் கேட்பது முகவரியும் பாஸ்வேர்டும் மட்டும்தான். மற்றதை அதுவே ஊகிக்கும். 2011-இல் வந்த ஆர்எஃப்சி 6186, முதலில் முழு முகவரியை லாகினாகப் போட்டுப் பார், மறுத்தால் @-க்கு முன்னால் இருப்பதை மட்டும் போட்டுப் பார் என்கிறது. என் சர்வரில் முழு முகவரி செல்லாது. ஆகவே அந்த வழியில் போகிற ஆப், அடுத்ததாக மெர்ச் என்று வந்து முதல் கம்பெனியின் கணக்கைத் தட்டும். கணினிக்கு முன்னால் ஆளே இல்லாமல், சட்டைப்பையில் கிடந்தபடி ஃபோன் சில நிமிடத்துக்கு ஒருமுறை தட்டிக்கொண்டிருக்கும். பாஸ்வேர்டு தவறாக வருகிறது என்று, தவறான முயற்சிகளைத் தடுக்கும் நிரலான ஃபெயில்2பேன் அந்த ஐபி முகவரியை அடைத்துவிடும். அலுவலகம் முழுக்க ஒரே இணைய இணைப்பு என்பதால் எல்லோருக்கும் மெயில் நின்றுபோகும். அவர்கள் பதறிக் கூப்பிடும்போது, "யாரோ பாஸ்வேர்டு தப்பா அடிக்கறாங்க, பாருங்க" என்பேன். லாக்கைத் திறந்து வைத்துக்கொண்டு, அதில் முழு முகவரி வந்து மறுக்கப்பட்ட வரியைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன். அவர்கள் சரியான ஒன்றை அடித்தார்கள். அதை ஏற்காமல் விட்டது என் சர்வர்.

கடைசியில் மாற்றினேன், அதுவும் பழைய சர்வரின் ஹார்டு டிஸ்க் போய் வேறு வழியில்லாமல் போனபோது. போஸ்ட்ஃபிக்ஸ், டவ்காட், ஒரு தரவுத்தளம். லாகின் என்றால் முழு மெயில் முகவரி, வேறு எதுவும் இல்லை. கம்பெனி டொமைனை மாற்றினால் எல்லோருடைய லாகினும் மாறுமே என்ற பழைய கவலைக்கும் பதில் அதிலேயே இருந்தது. மெயில் கிடக்கும் ஃபோல்டருக்கு உள்ளே ஒரு எண் போதும். அந்த எண் எனக்கும் சர்வருக்கும் மட்டும் தெரிந்தால் போதும். முகவரி மாறினால் அட்டவணையில் ஒரு வரியை மாற்றினால் முடிந்தது. ஃபோன் கீபோர்டு முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்கிவிடும் என்பதால் லாகினை எல்லாம் சின்ன எழுத்தாக்கிப் பார்க்கும் ஒரு வரியைச் சேர்த்தேன். மெர்ச்2 மாதிரியான பழைய பெயர்களைக் கொஞ்ச காலம் கூடவே அனுமதித்தேன், எண் இல்லாத வெறும் பெயர்களை முதல் நாளே அடைத்தேன். கம்பெனி ஏ-வின் லாகினில் உள்ளே வந்து கம்பெனி பி-யின் பெயரில் மெயில் அனுப்பக்கூடாது என்ற தடையையும் போட்டேன். பழைய சர்வரில் அந்தத் தடைகூட இருந்ததில்லை. இதுவும் யாருக்கும் நான் சொல்லாத ஒன்று.

வேலை நான் பயந்ததில் பாதிகூட இல்லை. வாடிக்கையாளர்களிடம் "இனி உங்க மெயில் ஐடிதான் லாகின்" என்றபோது பெரும்பாலானவர்கள், "முன்னாடியே அப்படி வெச்சிருக்கலாமேங்க" என்றார்கள். கோபம்கூட இல்லை.

சொல்ல வேண்டியது மட்டும் பாக்கி இருந்தது. இரண்டாவது கம்பெனியின் முதலாளியிடம் முதலில் போனேன். நடந்ததைச் சொல்லி, அந்த மெர்ச்சண்டைசர் மேல் எந்தத் தப்பும் இல்லை, தப்பு முழுக்க என்னுடையது என்றேன். அந்தப் பெண் வேலையை விட்டுப் போய் வெகுநாளாயிற்று என்றார் முதலாளி. எங்கே போனார் என்று அவருக்குத் தெரியவில்லை. விசாரித்தேன், எனக்கும் கிடைக்கவில்லை.

முதல் கம்பெனியின் முதலாளி முழுவதையும் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டார். "அந்தச் சமயத்துல ஒரு பையர் எங்ககிட்ட இருந்து அவங்ககிட்ட போனாருங்க. இதனாலதானா?" எனக்குத் தெரியவில்லை. எந்தெந்த மெயில் அந்தக் கணினியில் இறங்கியது என்று காட்ட என்னிடம் லாக் இல்லை, பழையதெல்லாம் அழிந்துவிட்டது. பென் டிரைவும் இல்லை. அன்றே சொல்லியிருந்தால் இரண்டும் இருந்திருக்கும், அவரே பையரிடம் கேட்டும் இருக்கலாம். அதை அவரிடம் அப்படியே சொன்னேன்.

"எழுத்துல குடுங்க" என்றார். எந்த ஆண்டு, எந்தக் கணக்கு, எப்படி நடந்தது, நான் எதையெல்லாம் மறைத்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அடுத்த மாதம் அவர்கள் மெயிலை வேறு இடத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். டிஎன்எஸ்ஸில் என்னென்ன மாற்ற வேண்டும் என்ற விவரத்தை நானே எழுதிக் கொடுத்தேன்.